நாச்சம்மாளுக்கு வந்த கூறு

பாலக்காட்டுப் பக்கத்து எருத்தேன்பதிக்குக் கிழக்கே, நாலு வயல் தாண்டினால் தமிழ்நாடு என்கிற இடத்தில் இருந்தது அந்தச் சின்ன ஊர். அங்கே யாருக்காவது வாய் நீளம் என்றால் அது நாச்சம்மாளுக்குத்தான் என்று ஊரே ஒத்துக்கொள்ளும். அவளும் மறுக்கமாட்டாள். அந்த வாய் சண்டைக்கு மட்டும் பயன்படுவதில்லை. சாமிக்கு நேர்ந்துகொள்ளும்போது ஊருக்காக ஒருவர் முன்னே நின்று வாக்குச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் பின்னால் நின்று "ஆமாத்தா" என்று ஏற்க வேண்டும் என்பது அங்கே முறை. மழை வேண்டி நின்றாலும், மாட்டுக்கு வந்த நோய் தீர நின்றாலும் நாச்சம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்களுக்கு மாரியம்மன் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இவளுக்கு அங்கேதான் பேச்சு ஊறும்.

எழுபத்தொன்றாம் வருஷம் கார்த்திகையில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டபோதும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். இத்தனைக்கும் அந்த ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர் ஒருவர்கூடக் கிடையாது. பாகிஸ்தான் எந்தப் பக்கம் என்று கேட்டால் பாதிப் பேர் கோயமுத்தூர்ப் பக்கம் கையைக் காட்டுவார்கள். ஆனால் அப்புசாமியின் டீக்கடையில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. அதைச் சுற்றி உட்கார்ந்து உட்கார்ந்து, களை வெட்டுகிறவர்களும் கடலை போட்டிருந்தவர்களும் தாங்களே எல்லையில் நிற்பதுபோல மீசையை முறுக்க ஆரம்பித்தார்கள்.

கோயிலில் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் அர்த்தநாரி சொல்லிக் கொடுத்த வாக்கு சின்னதுதான். நம்ம நாடு ஜெயிக்க வேண்டும், ஜெயித்தால் கிடாய் வெட்டி வீடு தவறாமல் கறிக் கூறு வாங்குகிறோம், அவ்வளவே. நாச்சம்மாள் அதைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். உடுக்கை அடித்துக்கொண்டிருந்தது, கூட்டம் நெருக்கியது, பெண்கள் குலவை போட்டார்கள். வாய் நிற்கவில்லை.

"எதிராளிப் பட்டாளத்துல ஒருத்தன் மிச்சமில்லாமக் கூண்டோட முழுகிப் போகோணும் தாயே."

யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் "ஆமாத்தா" என்று ஊர் போட்ட சத்தம், முன்னால் போட்டதைவிடப் பெரிதாக இருந்தது.

அதற்குப் பின் ஒரு நாள் காலை ரேடியோவில் செய்தி வந்தது. விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று கடலுக்கடியில் போய்விட்டது, அதில் இருந்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. டீக்கடை கை தட்டியது. பால் ஊற்ற வந்திருந்த நாச்சம்மாள் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள்.

"அக்கா, உன்ற வாக்கு அப்படியே பலிச்சிருச்சு பாரு," என்று அப்புசாமி அவளுக்குக் காசில்லாமல் டீ போட்டுக் கொடுத்தான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நீர்மூழ்கின்னா என்ன தம்பி?" என்று அவள்தான் கேட்டாள்.

"இரும்புப் பீப்பாயாட்டம் இருக்குமக்கா. ஆளுங்க உள்ள இருப்பாங்க. தண்ணிக்கு அடியிலயே போகும். அடி பட்டுதுன்னா மேல வராது. உள்ளிருந்து தொறக்கவும் முடியாது."

"அப்ப உள்ள இருக்கறவங்க?"

"உள்ளதான்," என்றான் அப்புசாமி. எல்லாரும் சிரித்தார்கள்.

நாச்சம்மாளும் சிரிக்க வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த டீயைக் குடிக்காமல் பெஞ்சு மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். போசியை எடுக்க மறந்துபோனாள்.

அவள் புருஷன் செங்கோட்டையன் கிணற்றில் போனவன். தண்ணீர் வற்றிய வருஷம் ஆழப்படுத்த இறங்கினான். ஒரு பக்கத்து மண்ணும் கல்லும் சரிந்து மூடிக்கொண்டது. மூடியதும் செத்திருந்தால் அவளுக்கு ஒரு துக்கம்தான். அடியில் எங்கேயோ ஒரு பொந்தில் அவன் உயிரோடு இருந்தான். கடப்பாரையால் கல்லைத் தட்டினான். டக், டக் என்று மேலே கேட்டது. ஊரே இறங்கித் தோண்டியது, அர்த்தநாரிதான் முதலில் இறங்கினார். கல்லை எடுக்க எடுக்க மேலும் சரிந்தது. பொழுது சாயும்வரை சத்தம் வந்தது, பிறகு வரவில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் நாச்சம்மாள். மகள் கமலாத்தாள் அப்போது மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சத்தத்தை வருஷக்கணக்கில் அமுக்கி வைத்திருந்தாள். டீக்கடையிலிருந்து வந்த அன்றைக்கு அது திரும்ப எழுந்துவிட்டது. இரும்புக்குள் இருந்தவர்களும் தட்டியிருப்பார்கள். எத்தனை பேரோ, எந்த ஊரோ, யார் பெற்ற பிள்ளைகளோ. அவர்கள் தட்டியதைக் கேட்க மேலே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அவள் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப்பின் அவளுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. களத்துக்குப் போவாள், போன வேலை மறந்து திரும்புவாள். அடுப்பில் உலை கொதிக்கும்போது தொழுவத்தில் நிற்பாள். கிணற்றில் வாளி சுவரில் இடித்தால் நெஞ்சு தூக்கிப் போட்டது. ஒரு நாள் பழைய சேலையைக் கிழித்து வாளியைச் சுற்றிக் கட்டினாள். கமலாத்தாள் அதைப் பார்த்து, "வாளிக்குக் குளுருதுங்களாம்மா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தைக் கடைசியில் முகூர்த்தம். கொழிஞ்சாம்பாறைப் பையன். அந்தப் பெண்ணுக்கு அந்த மாதம் எதைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது.

சண்டை சீக்கிரம் முடிந்தது. நாடு ஜெயித்தது. அப்புசாமி கடைக்கு மாவிலை கட்டினான். மார்கழியில் கிடாய் வெட்டக் கூடாது என்பதால் நேர்த்தியைத் தை முதல் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். அவளுக்கு ஒரு மாதம் கிடைத்தது. அந்த மாதம் முழுக்க அவளுக்கு ஒரே யோசனைதான். அந்தக் கூறைக் கையில் வாங்காமல் இருக்க வேண்டும்.

முதலில் பூசாரி சின்னமுத்துவிடம் போனாள். "சொன்ன வாக்கைத் திரும்ப எடுத்துக்க முடியுங்களா பூசாரி?" என்று கேட்டாள். பூசாரி விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே, "ஆத்தா கேட்டதைக் குடுத்துப்போட்டா. குடுத்த பொறவு எதை அம்மிணி திரும்ப எடுக்கறது?" என்றார். அவர் பங்குக்கு அது சரியான பேச்சுதான்.

பிறகு அர்த்தநாரியிடம் போனாள். அவர் களத்தில் நின்று கடலைக் கொடி அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாமா, நேத்திக் கெடாக் கூறு நம்மூட்டுக்கு வேண்டாமுங்க."

"ஏனம்மிணி, கறி திங்கறதை எப்ப உட்ட?"

"கறி திங்கறேனுங்க. இந்தக் கறி வேண்டாமுங்க."

அவள் சொன்னாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். அர்த்தநாரி முதலில் சிரித்தார், பிறகு எரிச்சல்பட்டார்.

"நீ என்ன பீரங்கியா ஓட்டுன? டில்லியில இருக்கறவங்க சண்டை போடச் சொன்னாங்க, பட்டாளத்துக்காரன் போட்டான். கடலைக் காட்டுல களை வெட்டீட்டிருந்த உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்லீங்களா?"

"துளி கூட இல்லை."

"அப்பறம் நம்ம எதுக்குங்க மாமா கெடா வெட்டறது?"

அர்த்தநாரி தலைத்துண்டை எடுத்து உதறினார். உதறுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

"நம்ம ஜெயிச்சமல்ல," என்றார்.

"ஜெயிச்சது நம்ம, கொன்னது மட்டும் டில்லிக்காரங்களுங்களா?"

"வங்காளத்துல அவனுக பண்ணுன அட்டூழியம் உனக்குத் தெரியுமா? லச்சக்கணக்குல சனம் ஊடு வாசலைப் போட்டுப்போட்டு ஓடியாந்துது. சும்மா பாத்துட்டு இருக்கச் சொல்றயா?"

"அதைச் சொல்லலீங்க. சண்டை போட்டது நாயமாவே இருக்கட்டும். ஓடியாந்த சனம் தப்போணும்னு நான் கேட்டனுங்களா? ஒருத்தன் மிஞ்சக் கூடாதுன்னுதானுங்க கேட்டேன். நீங்க அத்தனை பேரும் ஆமான்னீங்க." அவள் அதோடு விடவில்லை. "எங்கூட்டுக்காரரு தட்டுன சத்தம் உங்களுக்கும் கேட்டுதல்லங்க."

அர்த்தநாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனிதர்தான். அன்றைக்குக் கிணற்றில் கல் எடுத்து நசுங்கிய விரல் அவருக்கு இன்னும் மடங்காது. கமலாத்தாளுக்கு இந்த இடத்தைப் பேசி முடித்ததும் அவர்தான். பேசும்போது குரலை இறக்கிக்கொண்டார்.

"அம்மிணி, கூறு வாங்காத ஊடுன்னா ஊருக்கு வேண்டாத ஊடு. நான் சொல்லலை, அது முறை. தைக் கடைசியில கலியாணத்தை வெச்சுக்கிட்டு இதைக் கிண்டாத. சீர் பண்ணி வைக்க அருமைக்காரரு உன்ற படி ஏற மாட்டாரு. மாப்பிள்ளையோட பெரியப்பன் கெடா வெட்டற அன்னைக்கு வர்றதாச் சொல்லியுட்டிருக்காரு. வாங்கு. வாங்கி வேணுமின்னா நாய்க்குப் போடு. வாங்காம மட்டும் இருந்துறாத."

நாய்க்குப் போடலாம் என்று அவளும் யோசித்துப் பார்த்திருந்தாள். ஆனால் கையில் வாங்குவதுதானே கணக்கு. வாங்கின கையை என்ன செய்வது? அருமைக்காரர் வராமல் அந்தப் பக்கத்தில் ஒரு கல்யாணச் சீரும் நடக்காது. தகப்பன் இல்லாத பெண்ணுக்கு அமைந்த இடத்தைத் தாயே கெடுப்பதா என்று ஒரு மனசு கேட்டது. இன்னொரு மனசு வாளி இடிக்கிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தது. கோயில் எல்லைக்குள் உயிர்ப்பலி கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டுச் சில வருஷம் ஆகியிருந்தது. ஊர் அதை மீறவில்லை. கோயில் முன்னால் உத்தரவு மட்டும் கேட்பார்கள். வெட்டுவது கொஞ்சம் தள்ளி, அர்த்தநாரியின் புளியந்தோப்பில். சட்டத்துக்கும் மரியாதை, ஆத்தாளுக்கும் குறையில்லை.

உத்தரவு என்பது இது. கிடாய்க்கு மாலை போட்டுக் கோயில் முன்னால் நிறுத்தி, வீட்டுக்கு ஒருவராக வந்து அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிடாய் காதிலிருந்து வால்வரை உடம்பைக் குலுக்கினால் ஆத்தா ஏற்றுக்கொண்டாள் என்று பொருள். குலுக்காவிட்டால் வெட்டக் கூடாது. எந்த வீட்டிலோ மனசில் கோளாறு இருக்கிறது, அதை வாய் விட்டுச் சொல்லித் தீர்க்கும்வரை கிடாய் அப்படியே நிற்கும்.

அன்றைக்குக் கிடாய் நின்றது. கறுப்புக் கிடாய், நல்ல உயரம். வீடு வீடாக வந்து தண்ணீர் ஊற்றினார்கள். அது தன் கழுத்து மாலையிலிருந்த செவ்வந்தியை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது. நாச்சம்மாள் சொம்பைக் கையில் பிடித்தபடி பெண்கள் கூட்டத்தின் பின்னால் நின்றாள். இன்னும் ஊற்றவில்லை. கூட்டத்தில் ஊற்றாதவளை யாரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா ஊர்க்கவுண்டருக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். வயசானாலும் நிமிர்ந்த ஆள்.

"ஊட்டுல மனஸ்தாபம் உள்ளவங்க சொல்லீருங்கப்பா," என்றார் பூசாரி.

ஒருவர் வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டதைச் சொன்னார். தண்ணீர் ஊற்றினார்கள். கிடாய் பூவைத் தின்றது. அண்ணன் தம்பி இருவர் பல வருஷமாகப் பேசாதிருந்ததை விட்டு அங்கேயே பேசினார்கள். கிடாய் அவர்களைப் பார்க்கவே இல்லை. அப்புசாமி முன்னால் வந்து, காப்பித்தூளில் புளியங்கொட்டைத் தூள் கலப்பதை ஒத்துக்கொண்டான். ஊருக்கு அது ஏற்கனவே தெரியும், ஆனாலும் சிரித்தார்கள். கடைசியில் அர்த்தநாரியே, கோயில் வேம்பில் ஒரு கிளையை வண்டிக்கு வெட்டியதைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெயில் உச்சிக்கு ஏறியது. பசித்த பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. எல்லாக் குற்றமும் வந்துவிட்டது. கடலுக்கடியில் போனவர்களைப் பற்றி மட்டும் ஒரு வாயும் திறக்கவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை. அது குற்றக் கணக்கில் சேரும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

பூசாரி கிடாயின் காதைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "அப்ப வாக்குச் சொன்ன வாய்லதான் கோளாறு," என்றார்.

ஊர் மொத்தமும் திரும்பி நாச்சம்மாளைப் பார்த்தது. அவள் சொம்பு நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. பேசாமல் போய் ஊற்றிவிட்டுத் திரும்பியிருக்கலாம். கமலாத்தாள் பெண்கள் நடுவிலிருந்து தாயைப் பார்த்தாள். அர்த்தநாரி, வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தார்.

நாச்சம்மாள் கிடாய்ப் பக்கம் நடந்தாள். பேச்சு வருமா என்று அவளுக்கே பயமாக இருந்தது. பழக்கப்பட்ட வாய், வந்துவிட்டது.

"அந்தக் கப்பல்ல இருந்தவங்களுக்கும் எனக்கும் ஒரு பகை இல்லை. அவங்க மூஞ்சி கூட எனக்குத் தெரியாது. ஒருத்தன் மிஞ்சாம முழுகோணும்னு கேட்டது இந்த வாயி. ஆமான்னது இந்த ஊரு. முழுகுனாங்கன்னு சேதி வந்தப்பக் கை தட்டுனமே, அந்தக் கையிலதான் இன்னைக்குக் கூறு வாங்கறோம். எனக்கு முடியலை. பொறுத்துக்கன்னு உன்னையும் கேக்க மாட்டேன் ஆத்தா. பொறுத்துக்க வேண்டியவ நீயில்லை. எங்கயோ அவங்களைப் பெத்தவ இருக்கறா. இந்தக் கெடாய்க்கு நான் தண்ணி ஊத்த மாட்டேன். எங்கூட்டுக்குக் கூறும் வேண்டாம்."

மாப்பிள்ளையின் பெரியப்பா முகம் சுருங்கியது. கமலாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நாச்சம்மாளுக்குத் தெரிந்தது. அதிலும் ஒரு நிம்மதி இருந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக நெஞ்சுக்குள் அந்தச் சத்தம் நின்றிருந்தது. ஊற்றமாட்டேன் என்பதைக் காட்ட, சொம்பைக் கிடாயின் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். வைத்த வேகத்தில் அது தரையில் இடித்துச் சாய்ந்தது. தண்ணீர் சளேரென்று மேலே தெறித்துக் கிடாயின் காதுக்குள் போனது.

கிடாய் குலுக்கியது. காதிலிருந்து வால்வரை, மாலை அறுந்து விழும்படி, ஆனந்தமாகக் குலுக்கியது.

ஊர் ஆர்ப்பரித்தது. குலவைச் சத்தம் காதை அடைத்தது. "வாய் உட்டுச் சொன்னா, ஆத்தா ஏத்துக்கிட்டா," என்று பூசாரி கண்ணீரோடு கத்தினார். "வேண்டாமுங்க, அது தண்ணி தெறிச்சதுங்க," என்று நாச்சம்மாள் சொன்னாள், திரும்பத் திரும்பச் சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி, "எனக்கும் மனசுல உறுத்தீட்டே இருந்துதக்கா, இப்பத்தான் லேசாச்சு," என்றாள். எல்லாருக்கும் லேசாகிவிட்டது. தாரை தப்பட்டையோடு கிடாயைப் புளியந்தோப்புக்குக் கொண்டுபோனார்கள்.

சாயந்தரம் அர்த்தநாரியே அவள் வீட்டுக்கு வந்தார். பின்னால் வந்த ஆள் தேக்கிலையில் மூடிய கூடையை இறக்கினான். மற்ற வீடுகளுக்குப் போனது வீட்டுக்கொரு கூறு. இது தலையும் காலும். உத்தரவு வாங்கிக் கொடுத்தவருக்குத்தான் அது போகும். அந்த ஊரில் ஒரு பெண்பிள்ளை வீட்டுக்கு அது வந்ததே இல்லை.

"உன்ற வாக்குத்தானம்மிணி ஆத்தாளுக்கு எட்டுச்சு," என்றார் அர்த்தநாரி. அவர் கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பாவும் கூடவே வந்திருந்தார். "இப்படி வாக்குள்ள ஊட்டுலயிருந்து எங்களுக்கு மருமக வர்றதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும் சம்பந்தியம்மா. இன்னைக்கு உங்கூட்டுல சாப்புட்டுத்தான் போவேன்," என்று பாயில் உட்கார்ந்தார்.

கூடையைத் தூக்கித் தெருவில் எறிய அவளால் முடியும். இன்னொரு தடவை பேசவும் முடியும். ஆனால் பேசினால் அதுவும் வாக்காகிவிடும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. கமலாத்தாள் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அழுது சிவந்த கண்ணில் சிரிப்புத் திரும்பியிருந்தது. மிளகு அரைக்கிற வாசனை வந்தது. நாச்சம்மாள் தடுக்கவில்லை. எழுந்து போய் இலை போட்டாள்.

பெரியப்பா ரசித்துச் சாப்பிட்டார். "நீங்களும் உக்காருங்க, நீங்க கை வைக்காம நாங்க சாப்புடறதா?" என்று அவளையும் உட்கார வைத்தார்கள். அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். துப்ப வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். காலையிலிருந்து பட்டினி. நன்றாக இருந்தது. உப்பும் காரமும் சரியாக இருந்தன. அவளையும் மீறி இன்னொரு வாய் எடுத்தாள்.

"உப்புப் போதுங்களாம்மா?" என்றாள் கமலாத்தாள்.

"போதும் சாமி."

பெரியப்பா கால் எலும்பு ஒன்றை எடுத்தார். உள்ளேயிருந்ததை உறிஞ்சிப் பார்த்தார், வரவில்லை. பக்கத்திலிருந்த வெண்கலத் தட்டை இழுத்து அதில் எலும்பைத் தட்டினார். டக், டக். இன்னும் வரவில்லை. உள்ளே இருக்கிறது, வந்துவிடும் என்று தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் தட்டினார்.

நாச்சம்மாள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். கரண்டியை எடுத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்று கேட்டாள்.